பூஜ்யத்தில் தொடங்காத கூட்டல்

குஞ்சு பொரிப்பகத்தில் வயர்மேன் என்று ஒருவரை வைத்துக்கொண்டால், அவர் வயரை மட்டும் பார்ப்பார் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. தண்ணீர் மோட்டார் மக்கர் செய்தாலும், காற்றாடியின் பெல்ட் அறுந்தாலும், அலுவலக அறைப் பூட்டில் சாவி சிக்கிக்கொண்டாலும், முதலாளி வீட்டு இஸ்திரிப் பெட்டி சூடேறாவிட்டாலும் அவர் தலைதான் உருளும். இருபது ஆண்டுகளாக அப்படி உருண்ட தலையில், நாற்பத்தாறாம் வயதில், கணினி நிரலும் வந்து விழுந்தது.

முட்டைகள் பதினெட்டு நாள் இருக்கும் அடைகாப்பு அறையின் வெப்பத்தை அளக்க நான்கு உணர்கருவிகள் உண்டு. அவற்றை நிமிடத்திற்கு ஒருமுறை படித்து, அளவு எல்லை மீறினால் மணியை அடிக்கும் நிரலை ஓர் இன்ஜினியர் எழுதி வைத்துவிட்டு, வேறு நாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அவருடைய பழைய எண்ணை அழைத்தால் ஏதோ ஒரு மருந்துக் கடைக்குப் போயிற்று. அவர் அந்த நிரலை எழுதியிருந்த மொழியின் பெயர் டி. நாலு பேர் அறிந்த மொழியாக இருந்திருந்தால் கேட்டுத் தெளிய ஆள் கிடைத்திருக்கும். வயர்மேன் விசாரித்த இடத்திலெல்லாம், ‘டியா? அப்படி ஒண்ணு இருக்கா?’ என்று அவரிடமே திருப்பிக் கேட்டார்கள்.

“ஏங்க, கேக்கறதுக்கு ஆளே இல்லாத வேலையை எதுக்குங்க ஒத்துக்கிட்டீங்க?” என்றார் அவர் மனைவி.

“ஒத்துக்கிட்டேன்னு யார் சொன்னா? முதலாளி சொன்னாரு, நான் வேண்டாம்னு சொல்லலை. அவ்வளவுதான்.”

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

வயர்மேன் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அச்செடுத்த உதவிப் பக்கங்களை மதிய உணவு வேளைகளில் படிக்கத் தொடங்கியிருந்தார்.

தொடக்கக்காரர்கள் விழும் எல்லாக் குழிகளிலும் அவர் முறையாக, ஒன்றுவிடாமல் விழுந்தார். நிரல் கோப்பின் பெயரில் நடுவே ஓர் இடைவெளி விட்டு வைத்திருந்தார். பெயரே செல்லாது என்று மொழி அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டது. முட்டைத் தட்டின் எண்ணைக் கேட்கும் நிரல் ஒன்று எழுதினார். முதல் எண்ணை ஒழுங்காக வாங்கிக்கொண்டு, இரண்டாவது எண்ணைத் தட்டியதும் விழுந்து நொறுங்கியது. முதல் எண்ணுக்குப் பின் அவர் அழுத்திய என்டர் உள்ளேயே தங்கியிருந்து, அடுத்த எண்ணின் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது என்று கண்டுபிடிக்க நான்கு நாள்கள் ஆயின. படிக்கும் கட்டளையில் ஓர் இடைவெளியைச் சேர்த்தால் போதும், அந்த எச்சத்தை அது விழுங்கிவிடும். எழுபத்தைந்தை இரண்டால் வகுத்தால் முப்பத்தேழு என்றது கணினி. முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்ணாகவே வரும், பாதியை உதறிவிடும் என்று தெரிந்தபோது அவருக்கு வியர்த்தது. முட்டைக்குள் வளரும் உயிருக்கு அரை டிகிரி சின்ன விஷயம் அன்று.

அவருக்கென்று ஒரு முறை இருந்தது. வீட்டில் எங்கோ மின்கசிவு இருந்தால் ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கிப் பார்ப்பதுபோல, நிரலின் வரிகளை ஒவ்வொன்றாகச் செயலற்றதாக்கிப் பார்ப்பார். எந்த வரியை நிறுத்தும்போது கோளாறு நிற்கிறதோ அந்த வரிதான் குற்றவாளி. மெதுவான முறை, ஆனால் அதுவரை அவரைக் கைவிட்டதில்லை.

இந்த இடத்தில் அவருடைய மைத்துனரைச் சொல்லியாக வேண்டும். மனைவியின் தம்பி. அடைகாப்பு அறைக்கு வெளியே உள்ள சிறிய அறையில் ஆபரேட்டர் வேலை. வயர்மேன்தான் சேர்த்துவிட்டார். பொரிப்பகத்தில் அவரை எல்லோரும் ‘கொட்டாவி’ என்றே கூப்பிட்டார்கள். அவர் வாயைத் திறந்தால் பாதி நேரம் பேச்சு வரும், பாதி நேரம் கொட்டாவி வரும். பள்ளித் தேர்வில் விடைத்தாள் மேலேயே தூங்கியவர் என்பது குடும்பத்தில் ஒவ்வொரு விருந்திலும் சொல்லிச் சிரிக்கும் கதை.

“கல்யாண போட்டோவுல கூட கண்ணை மூடிட்டுதான் நிக்கிறான்,” என்பார் அக்கா.

“வெளிச்சம் அக்கா, வெளிச்சம்! கேமராக்காரன் மூஞ்சிக்கு நேரா அடிச்சான்,” என்று கொட்டாவி வாதாடுவார். வாதத்தின் நடுவிலேயே ஒரு கொட்டாவி வந்து வழக்கைத் தோற்கடிக்கும்.

ஆனால் வேலையில் அவர் மோசமில்லை. அடைகாப்பு அறைக் கதவை வீணாகத் திறக்கக் கூடாது என்பது அங்கே முதல் விதி. வெளிக்காற்று புகுந்தால் வெப்பம் குலைந்துவிடும். குறித்த நேரத்தில் உள்ளே போய், வெப்பமானியைப் பார்த்து, பதிவேட்டில் எழுதிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வர வேண்டும். அதைக் கொட்டாவி ஒழுங்காகச் செய்தார்.

தொல்லை மணியிலிருந்து தொடங்கியது. இன்ஜினியர் எழுதிய நிரல், அந்த நொடியின் வெப்ப அளவைப் பார்த்தே மணி அடித்தது. கொட்டாவி கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் குளிர்காற்று பட்டு அளவு சரியும், மணி அலறும். ஒரு நாளைக்கு எட்டு முறை அலறினால் யாருக்குத்தான் பொறுக்கும்? பக்கத்துக் கூடத்தில் குஞ்சுகளை எண்ணிப் பெட்டியில் அடைக்கும் பெண்கள், “கொட்டாவி எழுந்துட்டாருடி, ஊருக்கே அறிவிப்பு வருது!” என்று கேலி செய்தார்கள். முதலாளி வயர்மேனைக் கூப்பிட்டார்.

“இது சும்மா சும்மா கத்துது. நெஜமாவே ஏதாவது ஆனா மட்டும் கத்தற மாதிரி பண்ணுங்க.”

வயர்மேன் யோசித்தார். ஒரு நொடியின் அளவை நம்பக் கூடாது. கடைசிப் பத்து அளவுகளைக் கூட்டி, பத்தால் வகுத்து, அந்தச் சராசரி எல்லை மீறினால் மட்டும் மணி அடிக்கட்டும். கதவு திறந்து மூடும் சிறு சரிவு சராசரியில் கரைந்துவிடும். நல்ல யோசனை. எல்லை மீறும் ஒவ்வொரு முறையும் அச்சு இயந்திரம் அச்சேட்டில் பதியும் வரி மட்டும் பழையபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். நொடிக்கணக்கைக் காகிதம் வைத்துக்கொள்ளட்டும், சராசரியை மணி பார்த்துக்கொள்ளட்டும். மூன்று நாள் உழைத்து எழுதினார். ஒரு குறிப்பிட்ட எழுத்தை அழுத்தினால் மணி உடனே அடித்துக் காட்டும்படி ஒரு சோதனை வழியும் வைத்தார்.

மறுநாள் கொட்டாவி கதவைத் திறந்தார். மணி அடிக்கவில்லை. மூடினார். அடிக்கவில்லை. பெண்கள் கை தட்டினார்கள். சோதனை எழுத்தை அழுத்தினால் மட்டும் கணீரென்று அடித்தது.

“மாமா, நீங்க பெரிய ஆளு மாமா!” என்றார் கொட்டாவி.

முதலாளிக்கும் பரம திருப்தி. “அதான் மணி இருக்கே. இனிமே மணிக்கொரு தடவை உள்ள போய்ப் பாக்க வேண்டாம். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை போதும். கதவைத் திறக்கத் திறக்கச் சூடுதான் வீணாகுது,” என்று விதியை மாற்றினார்.

அந்த அமைதிதான் வேலை சரியாக நடப்பதன் அடையாளம் என்று மூன்று மாதங்கள் எல்லோரும் நம்பினார்கள்.

ஒரு விடுமுறை நாள். கணினி இருந்த அலுவலக அறை பூட்டியிருந்தது. கொட்டாவி காலை பத்து மணிக்கு உள்ளே போய், முப்பத்தேழரை என்று எழுதிவிட்டு வந்தார். சற்று நேரத்தில் உள்ளே காற்றை வெளியேற்றும் விசிறியின் மோட்டார் நின்றுபோனது. அது சத்தமில்லாமல் நின்றதா, மற்ற விசிறிகளின் இரைச்சலில் கேட்கவில்லையா என்று சொல்ல முடியாது. பதினான்காம் நாள் முட்டைகள் தாமாகவே வெப்பம் விடும். ஒன்பதாயிரத்து அறுநூறு முட்டைகள் விட்ட வெப்பம் போக வழியில்லாமல் தேங்கியது. பிற்பகல் இரண்டு மணிக்குக் கொட்டாவி கதவைத் திறந்தபோது முகத்தில் அனல் அடித்தது. நாற்பத்தொன்றரை. அவர் கதவுகளையெல்லாம் விரியத் திறந்து, ஓடி, முதலாளிக்கும் வயர்மேனுக்கும் தகவல் சொல்லி, கையில் கிடைத்த அட்டையால் விசிறிக்கொண்டே நின்றார்.

அதற்கு மூன்றாம் நாள், அந்த முட்டைகளை விளக்கில் வைத்துப் பார்த்தார்கள். உயிருள்ள முட்டையில் செந்நிற நரம்புகள் கிளை விட்டு, உள்ளே ஏதோ அசையும். தட்டு தட்டாக வைத்துப் பார்த்தும் அசைவில்லை. விளக்கைப் பிடித்திருந்த பெண், சிறிது நேரத்திற்குப் பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

விசாரணை அலுவலக அறையில் நடந்தது. மேசை மேல் அச்சேடு விரிந்திருந்தது. ‘10.26: எல்லை மீறியது’ என்பதில் தொடங்கி, நிமிடத்திற்கு ஒரு வரியாக, இரண்டு மணி வரை இருநூற்றுக்கும் மேற்பட்ட வரிகள்.

“மணி அடிக்கலைங்க முதலாளி,” என்றார் கொட்டாவி.

“பேப்பரைப் பாரு. பத்து இருபத்தாறிலேயே மெஷினுக்குத் தெரிஞ்சிருக்கு. இருநூறு தடவை எழுதியிருக்கு. எழுதத் தெரிஞ்ச மெஷினுக்கு அடிக்கத் தெரியாதா?”

“அது எனக்குத் தெரியாதுங்க. என் காதுல விழலை.”

“காதுல விழலையா, மணி அடிக்கலையா? ரெண்டுல ஒண்ணு சொல்லு.”

கொட்டாவி வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு கொட்டாவி வந்தது. இரண்டு நாளாகத் தூக்கமில்லை அவருக்கு. அறையில் யாரும் சிரிக்கவில்லை.

முதலாளி வயர்மேன் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க. உங்க மச்சினன்னு பாக்காம சொல்லுங்க.”

உறவுக்காகப் பரிந்து பேசினார் என்ற பேச்சு வரக் கூடாது என்பதில் வயர்மேன் எப்போதும் கவனமாக இருப்பவர். அந்தக் கவனம் அன்று அளவுக்கு மீறியது. எழுந்து போய்ச் சோதனை எழுத்தை அழுத்தினார். மணி அலறியது; கூடத்தில் இருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“மணியில ஒண்ணும் கோளாறு இல்லைங்க,” என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். “அடிச்சிருந்தா செத்தவன் கூட எழுந்திருப்பான்,” என்று சேர்த்துச் சொன்னார்.

கொட்டாவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தானே தன்னிடம் கேட்டுச் சொல்வதுபோல, “அப்ப தூங்கிட்டேன் போல இருக்கு,” என்றார்.

அப்படியே எழுதி வாங்கிக்கொண்டார்கள். பணி நேரத்தில் உறங்கியதால் எச்சரிக்கை மணியைக் கவனிக்கத் தவறினேன். கீழே கையெழுத்து. முட்டை அனுப்பிய பண்ணைக்கு அதன் நகல் போயிற்று. கொட்டாவி தம் சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

பொரிப்பகத் தொழில் சின்ன உலகம். சுற்றுவட்டாரத்தில் உள்ள ஐந்தாறு பொரிப்பகங்களுக்கும் முட்டை அதே பண்ணைகளிலிருந்துதான் வருகிறது. கொட்டாவி ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார். “நீங்கதானா அது?” என்று ஓரிடத்தில் கேட்டார்கள். மற்ற இடங்களில் கேட்கக்கூட இல்லை. பதினோரு வருடம் அவர் கற்றுவைத்திருந்த ஒரே வேலை அது.

மூன்றாவது வாரம் வயர்மேன் அவரைப் பார்க்கப் போனார். மனைவி, “போய் ஒரு வார்த்தை பேசிட்டு வாங்க, வெளியவே வர மாட்டேங்கறானாம்,” என்று அனுப்பியிருந்தார்.

“காது டாக்டர்கிட்ட போனேன் மாமா,” என்றார் கொட்டாவி. “காதுல ஏதாவது குறை இருந்தா, தூங்கலைன்னாவது ஆகும்ல?”

“என்ன சொன்னாரு?”

“ரெண்டு காதும் நல்லா இருக்காம். எழுதியே கொடுத்துட்டாரு. அதுதான் மாமா கஷ்டமா இருக்கு.” டாக்டர் எழுதிய சீட்டை மடித்தார். “அன்னிக்குப் பேப்பர் படிச்சிட்டு இருந்தேன். என்ன படிச்சேன்னு கூட ஞாபகம் இருக்கு. ஆனா தூங்கறவனுக்குத் தான் தூங்கறது எப்படித் தெரியும்? கனவுல படிச்சேனோ என்னமோ.”

“விடு மாப்ளே. யாருக்கும் நடக்கறதுதான்.”

இந்த ஆறுதலை வயர்மேன் நல்ல மனத்தோடுதான் சொன்னார்.

அடுத்த வாரம் பண்ணைக்காரர்கள் பொரிப்பகத்தைப் பார்வையிட வருவதாகச் சொன்னார்கள். திரையில் சராசரி வெப்பமும் தெரிந்தால் பார்ப்பதற்குக் கௌரவமாக இருக்கும் என்று முதலாளி விரும்பினார். ஒரே ஒரு வரி சேர்க்கும் வேலை. வயர்மேன் காலையில் வந்ததும் சேர்த்தார். ஓட விட்டார். சராசரி என்ற சொல்லுக்கு எதிரே எண் வரவில்லை. மூன்று ஆங்கில எழுத்துகள் வந்தன.

அவருக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். உணர்கருவியில் எங்கோ இணைப்பு விட்டிருக்கிறது என்று முடிவு செய்தார். வயர்மேன் அல்லவா? வயரைத்தான் முதலில் சந்தேகிப்பார். நான்கு கம்பிகளையும் கழற்றி, முனைகளைச் சுரண்டி, புதிதாக முறுக்கினார். அதே மூன்று எழுத்துகள். கம்பிகளையே மாற்றினார். அதே மூன்று எழுத்துகள். நொடி அளவு மட்டும் பக்கத்திலேயே 37.6 என்று குற்றமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

பிற்பகல் முழுவதும் தாம் அறிந்த குழிகளை ஒவ்வொன்றாகத் துழாவினார். முழு எண் வகுத்தலா? இல்லை, அதைத் திருத்தி வெகு நாளாயிற்று. பட்டியலை ஒவ்வொன்றாக எடுக்கும்போது அசலுக்குப் பதில் நகல் கைக்கு வருவது இன்னொரு கோளாறு. நகலை மாற்றினால் அசல் மாறாது. அதுவும் இல்லை, இங்கே எதையும் மாற்றவில்லை, கூட்டுவது மட்டும்தான். வரிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தார். இந்த முறை ஃபியூஸ் பிடுங்கும் வித்தை பலிக்கவில்லை. எந்த வரியை நிறுத்தினாலும் அந்த எழுத்துகள் போகவில்லை.

மறுநாள், கூட்டும் ஒவ்வொரு படியிலும் தொகையைத் திரையில் காட்டச் சொன்னார். பத்தாவது அளவைக் கூட்டிய பின்: மூன்று எழுத்துகள். ஐந்தாவது: அதுவே. முதலாவது: அதுவே. கடைசியில், ஒன்றையும் கூட்டுவதற்கு முன்பே தொகையைக் காட்டச் சொன்னார். அங்கேயும் அதுவே இருந்தது.

உதவிப் பக்கங்களைப் புரட்டினார். தொடக்கக்காரர்களுக்கான குறிப்புகளில், அவர் இதுவரை போகாத ஒரு பக்கத்தில் இருந்தது. அந்த எழுத்துகளுக்கு ‘எண் அல்ல’ என்று பொருள். இந்த மொழியில் முழு எண்களைத் தாங்கும் பெட்டி, நாம் எதுவும் இடாவிட்டால் பூஜ்யத்தோடு தொடங்கும். ஆனால் புள்ளிக்குப் பின் இலக்கம் உள்ள எண்களைத் தாங்கும் பெட்டி, நாம் எதுவும் இடாவிட்டால், பூஜ்யத்தோடு தொடங்காது. ‘எண் அல்ல’ என்பதோடு தொடங்கும். அதனோடு எதைக் கூட்டினாலும் விடை ‘எண் அல்ல’தான். வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள்: தொடக்க மதிப்பைக் கொடுக்க மறந்தவனின் கண்ணில் தவறு உடனே படட்டும் என்று.

முட்டைகளை எண்ண அவர் எழுதிய நிரல்களெல்லாம் முழு எண்கள். அவை அவர் சொல்லாமலே பூஜ்யத்தில் தொடங்கின. அதனால் எல்லாம் அப்படித்தான் தொடங்கும் என்று இருந்துவிட்டார். மின்சாரம் விடாத கம்பியில் பூஜ்யம்தானே இருக்கும்? புதிய மீட்டர் பூஜ்யத்தில்தானே தொடங்கும்? இருபது ஆண்டு வேலையில் அவர் தொட்ட எந்தப் பொருளும் வேறு விதமாக நடந்ததில்லை. தவறு கண்ணில் பட வேண்டும் என்று மொழி செய்த ஏற்பாடும் வீணாயிற்று. சராசரியைத் திரையில் காட்டத் தேவையில்லை என்று அவர்தான் விட்டிருந்தார்.

அப்போதும் அவருக்கு மணியின் நினைவு வரவில்லை. பக்கத்தின் கடைசி வரியைப் படித்த பிறகே வந்தது: ‘எண் அல்ல’ என்பதை எந்த எண்ணோடு ஒப்பிட்டாலும் விடை ‘இல்லை’.

ஐந்து வரியில் ஒரு சிறு நிரல் எழுதினார். தொகை முப்பத்தெட்டை விடப் பெரிதா? இல்லை என்றது. சிறிதா? இல்லை என்றது. நூறை விட? இல்லை. பூஜ்யத்தை விட? இல்லை. அறை உருகி ஓடினாலும் அது இல்லை என்றுதான் சொல்லியிருக்கும். கதவைத் திறந்தபோது மணி அடிக்காமல் இருந்ததற்கும் அதுதான் காரணம். பெண்கள் கை தட்டிய அந்த முதல் நாளிலிருந்து, சராசரியைப் பார்க்காமலே மணியை அடிக்கும் சோதனை எழுத்தை அழுத்திய நேரங்கள் தவிர, அந்த மணி ஒருமுறைகூட அடித்ததில்லை.

திருத்துவதற்கு ஒரு சமக்குறியும் ஒரு பூஜ்யமும் போதும். அவர் அவற்றைத் தட்டினார். சராசரிக்கு எதிரே 37.6 என்று வந்தது. அதைப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார்.

வயர்மேன் போய்ச் சொன்னதை முதலாளி பொறுமையாகக் கேட்டார். கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் வயர்மேனுக்கு எளிதாக இருந்திருக்கும்.

“இப்ப சரியாயிடுச்சுல்ல?”

“சரியாயிடுச்சுங்க. ஆனா அவன் தூங்கலைங்க. மணி அடிக்கவே இல்லை.”

“புரியுது. புரியாம இல்லை.” முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆனா பண்ணைக்காரங்ககிட்ட என்ன சொல்லச் சொல்றீங்க? ஒரு ஆள் தூங்கிட்டான்னா, ஆளை மாத்திட்டோம்னு சொல்லிடலாம். மூணு மாசமா மணியே இல்லாம ஓட்டினோம்னு சொன்னா, நாளைக்கு ஒரு முட்டை அனுப்புவானா? இங்க முப்பது பேர் இருக்காங்க.”

“நான் பண்ண தப்புன்னு எழுதிக் கொடுக்கறேங்க.”

“நீங்க யாரு? என் ஆளு. உங்க தப்பு என் தப்புதான். அவன் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டான், அதோட போகட்டும். அவனா ஒத்துக்கிட்டதுதானே? நான் அடிச்சா வாங்கினேன்?”

“நான் சொன்னதாலதாங்க ஒத்துக்கிட்டான்.”

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “வயர்மேன், நீங்க நல்ல மனுஷன். போய் வேலையைப் பாருங்க,” என்றார்.

வயர்மேன் போய் வேலையைப் பார்த்தார். அன்று நடுவில் இரண்டு ஃபியூஸ், ஒரு குழாய். ஆபரேட்டர் அறையில் கொட்டாவியின் நாற்காலியில் புதிதாக வந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தமக்கு முன் இருந்தவர் ஏன் போனார் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

மாலையில் வயர்மேன் ஒரு வெள்ளைத்தாளில் நடந்ததையெல்லாம் எழுதினார். பிழையின்றி, தேதி வாரியாக எழுதினார். கோளாறு நிரலில்தான் இருந்தது, ஆபரேட்டர் மீது எந்தக் குற்றமும் இல்லை என்று முடித்துக் கையெழுத்திட்டு, மைத்துனர் வீட்டுக்கு எடுத்துப்போனார்.

கொட்டாவி தாளை இரண்டு முறை படித்தார். நிரலைப் பற்றிய பகுதி அவருக்குப் புரியவில்லை. வயர்மேன் வாயால் சொன்னார்: மணி அடிக்கவேண்டுமா என்று மெஷின் ஒவ்வொரு நிமிடமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, ஒவ்வொரு நிமிடமும் இல்லை என்ற பதில்தான் வந்தது.

“அப்ப நான் முழிச்சிட்டுதான் இருந்தேனா?”

“ஆமா மாப்ளே.”

“நல்லாத் தெரியுமா?”

“நல்லாத் தெரியும்.”

கொட்டாவியின் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது. ஆனால் வயர்மேன் எதிர்பார்த்து வந்த அளவுக்கு இல்லை. அவர் தாளை மடித்து நீட்டினார்.

“இதை நீங்களே வெச்சுக்கோங்க மாமா.”

“ஏன்? அடுத்த பொரிப்பகத்துல காட்டு. நடந்தது இதுதான்னு சொல்லு.”

“மச்சினனுக்கு மாமா எழுதிக் கொடுத்த சர்டிபிகேட்டை எவன் நம்புவான்? முதலாளி கையெழுத்து இருக்கா இதுல?”

“இல்லை.”

“கேட்டீங்களா?”

“கேட்டேன்.”

கொட்டாவி, “அவகிட்ட மட்டும் சொல்லிடுங்க. நான் சொன்னா, ஒரு மாசம் கழிச்சு இவரு கதை கட்டறாருன்னு நினைப்பா,” என்று சமையலறைப் பக்கம் கை காட்டினார்.

கொட்டாவியின் மனைவி மாவு படிந்த கையோடு வந்து நின்றார். வயர்மேன் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். இந்த முறை ‘எண் அல்ல’ என்பதை விட்டுவிட்டார். மணி அடிக்கவில்லை, தவறு தம்முடையது, கணவர் தூங்கவில்லை, அவ்வளவுதான். சொல்லும்போது தம் குரல் விசாரணையன்று பேசியது போலவே உறுதியாக இருப்பதை அவரே கவனித்தார்.

அந்தப் பெண் முழுவதும் கேட்டார். கணவரை ஒருமுறை பார்த்தார்.

“அப்ப வேலை திரும்பக் கிடைச்சிடுமா அண்ணா?”

“அது... முதலாளி ஒத்துக்கலைம்மா.”

“வேற எடத்துல?”

“தெரியலை.”

“தூங்கிட்டாருன்னு நினைச்சப்ப, சரி, தூங்கினாரு, அனுபவிக்கறோம்னு இருந்தேன் அண்ணா. அவரையும் ரெண்டு திட்டு திட்டினேன், மனசு ஆறிச்சு. இப்ப நான் யாரைத் திட்டறது?”

வயர்மேனால் ‘என்னைத் திட்டு’ என்று சொல்ல முடியவில்லை. அண்ணன் முறையில் இருப்பவரை அந்தப் பெண் திட்ட மாட்டார் என்பது இருவருக்கும் தெரியும். வயர்மேன் கையிலிருந்த தாளைச் சட்டைப் பையில் வைத்தார், வெளியே எடுத்தார், மறுபடியும் வைத்தார்.

“நான் வரேன்மா,” என்றார்.

“சாப்பிடற நேரத்துக்கு வந்துட்டு எங்க போறீங்க?” என்றார் அவர். குரலில் கோபமும் இல்லை, உபசாரமும் இல்லை. “உக்காருங்க.”

கொட்டாவி எழுந்து அவருக்கு இடம் விட்டார். வேண்டாம் என்று சொல்ல வயர்மேனுக்கு வாய் வரவில்லை. உட்கார்ந்தார். தட்டு வந்தது. மூவரும் சாப்பிட்டார்கள்.